முப்பது மில்லி அம்பியர்

மழை தொடங்கினால் வீடு இருண்டுவிடும்.
நான்கு மாதமாய் இதுதான் கதை.
மேசையில் ஏறி ட்ரிப் சுவிட்சைக்
கட்டைவிரலால் மேலே தள்ளுவேன். நிற்கும்.
தூறல் பலத்தால்
டக்கென்று திரும்பவும் விழும்.

ரொறொன்ரோவிலிருந்து வீட்டுக்காரர்
குரல் அனுப்பினார்:
"நாங்கள் இருக்கேக்குள்ள ஒருநாளும் விழேல்லையே, பிள்ளை."

மேல்வீட்டில் விசாரித்தேன்.
"எங்களுக்கு விழுறதே இல்லை" என்றார் புனிதவதி அன்ரி,
மகளுக்கு மெடிசின் கிடைத்ததைச் சொன்ன அதே குரலில்.

முதலில் வந்தவன் போர்ட்டைத் திறக்கவேயில்லை.
வாசலில் பைக் உறுமிக்கொண்டிருக்க
"முழு வயரிங்கும் மாத்தணும், மூணு லட்சம்" என்றான்.
அடுத்தவன் அட்வான்ஸ் வாங்கினான்.
அவனுடைய நம்பர் பாவனையில் இல்லையென்று
இப்போது மூன்று மொழியிலும் சொல்கிறார்கள்.

இல்ஹாமை எனக்குப் புறக்கோட்டையில் தெரியும்,
நான் கணக்கெழுதும் கடைக்கு வயர் எடுக்க வருவான்.
கடன்கொப்பியில் அவன் பக்கத்தில்
ஒரு மாதமும் மீதி நின்றதில்லை.
எனக்கு வாசிக்கத் தெரிந்த சான்றிதழ் அதுதான்.

வந்தவன் ஆயுதம் எடுக்கவில்லை, கேள்வி கேட்டான்.
எப்ப விழுது? காத்தோட மழையா, சும்மா மழையா?
அந்த நேரம் என்னென்ன ஓடிட்டு இருந்துச்சு?
பைப்புல கை வச்சா ஏதும் தெரியுதா, மிஸ்?

கையைப் பின்னால் மறைத்தேன்.
ஹீட்டர் குழாயைத் தொட்டால்
விரலில் எறும்பு ஊரும்.
நரம்பென்று நினைத்து
இரண்டு பட்டை விற்றமின் குளிசை
விழுங்கி முடித்திருந்தேன்.

மெயினை நிறுத்தினான்.
நிறுத்திய பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்த்தான்.
"நிப்பாட்டினாச் செத்துட்டுன்னு நம்பக்கூடாது."

பிறகு மூடியைக் கழற்றி, தொடாமல் காட்டினான்.
சிவப்பில் போகிறது. கறுப்பில் திரும்புகிறது.
வழிதவறியதைப் பச்சை மண்ணுக்குக் கொண்டுபோகும்.
போனதும் வந்ததும் ஒன்றாயிருக்க வேண்டும்.
முப்பது மில்லி அம்பியர் குறைந்தால்
ட்ரிப் இழுத்து மூடிவிடும்.
"எங்க போச்சுன்னு அதுக்குத் தெரியாது மிஸ்.
குறையுதுன்னு மட்டும் தெரியும்."

பதினேழு வருடமாய்ப் பற்று வரவு எழுதுகிறேன்.
மாதமுடிவில் முப்பது ரூபாய் உதைத்தால்
"சில்லறைச் செலவெண்டு போடும்" என்பார் முதலாளி.
போட்டிருக்கிறேன்.

வாசல் விளக்குக்குள்
கடல்காற்றின் உப்பு, துரு, ஒரு செத்த பல்லி.
அது அரை மணித்தியால வேலை.

பச்சைக்குத்தான் நேரம் எடுத்தது.
ஹீட்டரிலிருந்து போர்ட், போர்ட்டிலிருந்து சுவர்,
சுவரில் இழுத்தான்.
ஒரு சாண் வயர் கையோடு வந்தது.
அதற்கப்பால் ஒன்றுமில்லை.
யாரோ பார்வைக்குச் செருகிச்
சீமெந்து பூசிவிட்டுப் போயிருக்கிறான்.

மதிலுக்கும் கானுக்கும் நடுவில்
செப்புக்கோலை அடித்து இறக்கினான்.
வெள்ளவத்தை மண் ஈரம்; கேட்டபடி இறங்கிற்று.
சாமானுக்கு எங்கள் கடை பில்லையே நீட்டினான்.
என் கையெழுத்து. காலையில் நானே எழுதியது,
என் வீட்டின் அடியில் போகப்போவதென்று தெரியாமல்.

போகுமுன் மேலேயும் ஒருக்காப் பார்க்கச் சொன்னேன்.
பத்து நிமிடத்தில் இறங்கி வந்தான்.
"அங்க ட்ரிப்பையே கழட்டிட்டு நேரா குடுத்து வச்சிருக்கு.
சொன்னேன். விழாத வீட்டுக்கு
ஏன் செலவுன்னு கேக்கிறாங்க."

ஒவ்வொரு முதலாம் திகதியும் மேசையில் ஏறி
டெஸ்ட் பொத்தானை அமுக்குகிறேன்.
வீடு இருளும்.
ஒழுங்கையில் தேங்கிய தண்ணீரில்
மேல்வீட்டு வெளிச்சம் மட்டும்
அசையாமல் கிடக்கும்.

இன்று அந்த இருட்டிலேயே படியேறினேன்.
ட்ரிப்பைப் பற்றி நான் பேசவில்லை.
"அன்ரி, பைப்பிலை கை வச்சா
உங்களுக்கு ஏதும் தெரியுதோ?"

அன்ரி ஒன்றும் சொல்லவில்லை.
ஹவுஸ்கோட் பொக்கற்றுக்குள்
மெல்லக் கையை விட்டுக்கொண்டார்.